எட்ஜ்வேர் வீதியில் ஒரு தட்டுத் தபூலே

"பேர்குல் கூடிப்போச்சு. பச்சைதான் கனக்க இருக்கவேணும்" என்றார் பெரியம்மா. தபூலேயில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தவர், தட்டை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு மீண்டும் சொன்னார். "வெட்டினவன்ர கத்தி மொட்டை. இலையெல்லாம் கண்டிப்போய்க் கிடக்கு."

மார்பிள் ஆர்ச்சிலிருந்து ஐந்து நிமிட நடையில், எட்ஜ்வேர் வீதியில் உள்ள ஒரு லெபனான் உணவகத்தில் இருந்தோம். அண்ணனின் மகளுக்குப் பதினாறாவது பிறந்தநாள். எங்கே சாப்பிடுவது என்பதை அவளிடமே விட்டிருந்தோம், அவள் இந்த இடத்தைச் சொன்னாள். பெரியம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. சோறில்லாத சாப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு தூரம் என்று வழியெல்லாம் முணுமுணுப்பார் என எதிர்பார்த்திருந்தேன். கோதுமையை அவித்துக் காயவைத்து உடைத்தால் பேர்குல் என்பது எனக்கே பிந்தித் தெரிந்த விஷயம். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் உடனே கேட்கவில்லை.

இந்த வீதியைப் பற்றி எழுதவேண்டும் என்று சில வருடங்களாகக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தேன். போரால் வந்த ஒரு சனம் தன் சமையலைக் கொண்டு ஓர் ஊரை எப்படி மாற்றியது, அவர்கள் எப்படி எங்களைப் போலவே இருக்கிறார்கள் என்று அந்தக் கட்டுரை போயிருக்கும். அன்றைய சாப்பாட்டுக்குப் பிறகு அதை அப்படியே எழுத முடியவில்லை.

முதலில் வீதி. லண்டனுக்குப் புதிதாக வந்த தமிழரில் பலர் இதை ஒரு பிழையால்தான் கண்டடைந்திருப்பார்கள். எட்ஜ்வேர் என்ற ஊர் நோர்தேர்ன் தடத்தின் கடைசித் தரிப்பு. எட்ஜ்வேர் வீதி நிலையம் நகரத்தின் நடுவில். 2003இல் முதுநிலைப் படிப்புக்கு வந்த மூன்றாம் வாரம், எட்ஜ்வேரில் உறவினர் வீட்டு விருந்துக்குப் புறப்பட்ட நான் எட்ஜ்வேர் வீதியில் இறங்கிவிட்டேன். வெளியே வந்தால் கடைப் பலகைகள் அரபு எழுத்தில். நடைபாதையில் மேசை போட்டு ஆண்கள் ஹூக்கா இழுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இறைச்சிக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தது. விருந்துக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு ஃபலாஃபல் சுருளை வாங்கித் தின்றுவிட்டு அறைக்குத் திரும்பினேன். எங்களுடைய கடலை வடையின் தூரத்துச் சொந்தம் என்று தோன்றியது.

உண்மையில் நான் பெரிய தவறு செய்துவிடவில்லை. அந்த வீதியிலேயே நேராக நடந்திருந்தால் எட்ஜ்வேருக்குத்தான் போயிருப்பேன், ஏறத்தாழ 10 மைல். உரோமர்கள் கல் பாவிய வாட்லிங் தெருவின் ஒரு துண்டு இது. அதனால்தான் லண்டனின் மற்றத் தெருக்கள் போல வளைந்து நெளியாமல் அளவுகோல் வைத்துக் கீறியதுபோல் போகிறது. தெற்கு முனையில் டைபேர்ன் தூக்குமரம் நின்றது, 1783 வரை அங்கே ஆட்களைத் தூக்கிலிட்டார்கள். வடக்கே போகப் போக ஐரிஷ்காரரின் கில்பேர்ன், கிரிக்கிள்வூட், பிறகு ஹெண்டன், கொலிண்டேல், பேர்ண்ட் ஓக். கொலிண்டேலில் அண்ணன் வீடு. லெபனான்காரரின் முனையும் எங்களுடைய முனையும் ஒரே வீதியில் இருக்கின்றன.

வீதியிலிருந்து கிழக்கே பிரியும் ஜோர்ஜ் தெருவில் ஒரு பச்சை நிற நினைவுப் பலகை உண்டு. பாட்னாவில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் இருந்து, அயர்லாந்துக்குப் போய், 1794இல் ஆங்கிலத்தில் பயண நூல் வெளியிட்ட சேக் தீன் மஹொமெட், 1810இல் அந்தத் தெருவில் ஹிந்துஸ்தான் கோப்பி இல்லத்தைத் திறந்தார். லண்டனில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் இந்திய உணவகமாகக் கருதப்படுவது இதுதான். கோப்பி இல்லம் என்பது பெயர்தான். கறியும் சோறும் கொடுத்தார், ஹூக்கா புகைக்கத் தனி அறை வைத்திருந்தார். இருநூறு வருடம் கழித்து அதே சுற்றாடலில் ஹூக்காப் புகை மணக்கிறது. 2007 யூலையில் மூடிய இடங்களில் புகைக்கத் தடை வந்ததால் இப்போது அறைக்குள் அல்ல, நடைபாதையில்.

அவருடைய கடை நின்று பிடிக்கவில்லை. 1812இல் முறிந்துபோனார். பிறகு பிரைட்டனில் நீராவிக் குளியலும் எண்ணெய்ப் பிடித்தலுமாகப் புகழ்பெற்றது வேறு கதை. கடை ஏன் முறிந்தது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. போர்ட்மன் சதுக்கத்தைச் சுற்றிக் குடியிருந்த கம்பனிப் பணக்காரர்கள்தான் அவர் எதிர்பார்த்த வாடிக்கையாளர்கள். அவர்களில் பலர் இந்தியாவிலிருந்து திரும்பும்போது சமையற்காரரையும் ஆயாவையும் கூடவே கூட்டி வந்திருந்தார்கள். வீட்டில் ஒருவர் ஆக்கிப் போடும்போது கடைக்கு எதற்கு? இதை என் குறிப்பேட்டில் ஒரு வேடிக்கைத் தகவலாகத்தான் எழுதி வைத்திருந்தேன்.

லெபனான்காரருக்கு வருவோம். 1973 ஒக்டோபரில் எண்ணெய் நெருக்கடி தொடங்கியபோது ஒரு பீப்பாய் மூன்று டொலர் சொச்சம். அடுத்த ஜனவரியில் பன்னிரண்டுக்குக் கிட்ட. வளைகுடாவில் திடீரென்று பணம் பெருகியது. அதுவரை அந்தப் பணக்காரர்கள் கோடைக்குப் போன இடம் பெய்ரூத். வங்கியும் அச்சகமும் ஆஸ்பத்திரியும் இரவு விடுதியும் அங்கேதான். 1975 ஏப்ரல் 13ஆம் தேதி பெய்ரூத்தின் ஐன் அல்-ரும்மானேயில் ஒரு பஸ்ஸின் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டோடு தொடங்கிய உள்நாட்டுப் போர் 1990 வரை நீண்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெய்ரூத் செய்துகொண்டிருந்த வேலைகளை வேறோர் ஊர் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பாரிஸும் லண்டனும் பங்கிட்டுக்கொண்டன.

பத்திரிகைகளைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 1978இல் அஷ்ஷர்க் அல்-அவ்ஸத் லண்டனில் தொடங்கியது. 1946இல் பெய்ரூத்தில் பிறந்து போரில் நின்றுபோன அல்-ஹயாத், 1988இல் லண்டனிலிருந்து மறுபடி வந்தது. அடுத்த வருடம் அல்-குத்ஸ் அல்-அரபி. அரபு உலகம் முழுவதும் வாசித்த நாளிதழ்கள் இந்த ஊரில் தயாராகின. சிற்றிதழ் நடத்தி நொந்த எங்கள் ஆட்களுக்கு இதைக் கேட்கப் பொறாமையாக இருக்கும். பெய்ரூத்திலிருந்து வந்த மை குஸூப், அந்திரே கஸ்பார் என்ற இரு நண்பர்கள் 1970களின் இறுதியில் வெஸ்ட்போர்ன் குரோவில் அல் சாகி புத்தகக் கடையைத் திறந்தார்கள். போரில் காயப்பட்டவர்களுக்கு உதவப் போய் ஒரு கண்ணை இழந்தவர் குஸூப். சொந்த நாடுகளில் தடைசெய்யப்பட்ட நூல்களை அரபு வாசகர்கள் அங்கே வந்து வாங்கிப் போனார்கள். நான் அங்கே வாங்கியது மூன்றே புத்தகங்கள், மூன்றும் ஆங்கிலத்தில். 2022 முடிவில் அந்தக் கடை மூடப்பட்ட செய்தியை வாசித்தபோது, அடிக்கடி போயிருக்கலாமே என்ற வழக்கமான, உபயோகமற்ற கவலை வந்தது.

சாப்பாடும் அதே வழியில்தான் வந்தது. 1981இல் மரூஃப் அபுஸாகியும் அவர் மனைவி ஹுதாவும் எட்ஜ்வேர் வீதியில் மரூஷ் உணவகத்தைத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள். கோடைக்கு வந்த வளைகுடாக் குடும்பங்கள், தூதரகக்காரர், பத்திரிகையாளர், பிறகு ஈராக்கிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்த அகதிகள் என்று வீதி நிறைந்தது. ஆனால் மேசைக்கு வரும் சமையல் மட்டும் பெரும்பாலும் லெபனானுடையது. கிளிநொச்சிக்காரர் சமைத்தாலும் காரைக்குடிக்காரர் சமைத்தாலும் பலகையில் 'சென்னை' என்று போட்டுக்கொள்வது போலத்தான்.

அதே வருடங்களில் நாங்களும் வந்துகொண்டிருந்தோம், வேறு விதமாக. மரூஷ் திறந்த வருடம் யாழ்ப்பாண நூலகம் எரிந்த வருடம். 1983 யூலைக்குப் பிறகு வந்தவர்கள் கூடக் கூட, 1985 மே மாதம் பிரித்தானியா இலங்கையருக்கு விசாக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பொதுநலவாய நாடொன்றின் மீது அப்படி விதித்தது அதுவே முதல் தடவை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பியனுப்பப்பட இருந்த தமிழ் இளைஞர்கள் ஓடுபாதையில் உடைகளைக் கழற்றி எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த வருடமே, விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டம் நிறைவேறியது. லெபனான்காரரில் முன்னால் வந்தவர்கள் முதலோடு வந்தார்கள். எங்கள் ஆட்கள் பெற்றோல் நிலையத்திலும் கடைகளிலும் இரவு வேலைக்கு நின்று முதல் சேர்த்தார்கள். வேறுபாடு இவ்வளவுதான், மற்றப்படி போர் ஒன்று, வெளியேற்றம் ஒன்று, ஊர்ச் சாப்பாட்டில் ஊரைத் தேடுவது ஒன்று. பெய்ரூத்தைப் பற்றிய என் குறிப்புகள் முழுவதும் இந்த ஒப்பீட்டில்தான் நின்றன. லெபனான் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகங்கள் சுதந்திரத்தோடு நின்றுவிடும், உள்நாட்டுப் போரை எப்படிச் சொல்வது என்று உடன்பாடு இல்லாததால் அதற்குப் பிறகு பக்கங்களே இல்லை என்பதை அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எங்கே கிடைக்கும் என்று.

மேசைக்குத் திரும்புகிறேன். கிப்பே வந்தது, கொத்திய இறைச்சியும் பேர்குலும் சேர்ந்த ஓட்டுக்குள் பூரணம் வைத்துப் பொரித்த உருண்டை. பெரியம்மா ஒன்றைப் பிட்டு ஓட்டின் மொத்தத்தைப் பார்த்தார். "கொழுக்கட்டை பிடிச்ச கைக்கு இது என்ன பெரிய வேலையே? விரலை உள்ளுக்கை விட்டுச் சுத்திச் சுத்தி மெல்லிசாக்கவேணும்." ஹோமஸைத் தொட்டு, "தோல் உரிக்காமல் அரைச்சிருக்கிறான்" என்றார். ஊறவைத்து அவித்த கடலையைத் தண்ணீருக்குள் தேய்த்து ஒவ்வொன்றாகத் தோல் நீக்கினால்தான் பசை மினுங்குமாம்.

"அப்பம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று பிள்ளைதான் கேட்டாள்.

"ஆறு வருசம் செய்தனான்."

பெரியம்மா வெளிநாட்டில் வேலைசெய்தார் என்பது எனக்குத் தெரியும். 1990இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, கொழும்பில் ஒரு அறையில் இரண்டு ஆண் பிள்ளைகளோடு இருந்தவர், 1993இல் 'அரபு நாட்டுக்கு'ப் போனார். எந்த அரபு நாடு என்று எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சவூதி என்றே நினைத்திருந்தேன். அண்ணன் லண்டன் வந்தது ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய காசில், அந்தக் காசு பெரியம்மா அனுப்பியது. அது மட்டும் எல்லோருக்கும் தெரியும், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. வீட்டு வேலைக்குப் போனவள் என்ற சொல் எங்கள் ஊரில் எப்படிச் சொல்லப்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த மௌனத்தின் காரணமும் தெரியும். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டுகளை எடுக்க வந்த பையனிடம் பெரியம்மா அரபியில் ஏதோ சொன்னார். அவன் திடுக்கிட்டுச் சிரித்தான். அலெப்போக்காரன். எங்கே பழகினீர்கள் என்று கேட்டிருக்கிறான். பெய்ரூத் என்றார். எந்தப் பகுதி? அஷ்ரஃபியே. அங்கே என்ன செய்தீர்கள்? அதற்குப் பெரியம்மா ஒரே சொல்லில் பதில் சொன்னார். சிரிலங்கியே.

நாங்கள் இலங்கைக்காரர் என்று சொல்கிறார் என்று நான் நினைத்தேன். ஆனால் பையனின் சிரிப்பு நின்றது. நெஞ்சில் கை வைத்து மெல்லத் தலை குனிந்துவிட்டுத் தட்டுகளோடு போனான்.

லெபனானில் அந்தச் சொல்லுக்கு வேலைக்காரி என்று பொருள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு இலங்கைப் பெண்கள் மேற்காசியாவுக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். 1985இல் அரசு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தையே அமைத்தது. லெபனானுக்கு அவர்கள் போர் நடக்கும்போதே போனார்கள். உள்ளூர்க்காரர் வெளியேறிக்கொண்டிருந்த நகரத்துக்கு எங்கள் தீவிலிருந்து பெண்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள், சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும். அவர்களின் தொகை பெருகி, நாட்டின் பெயரே தொழிலின் பெயராகிவிட்டது. பிலிப்பைன்ஸ்காரியும் எத்தியோப்பியாக்காரியும்கூட அந்த வீட்டுச் 'சிரிலங்கியே'தான். 1946இல் வந்த லெபனான் தொழிற் சட்டம் வீட்டு வேலையாட்களைத் தன் பாதுகாப்புக்கு வெளியே வைத்தது. கஃபாலா முறையில் ஒருத்தியின் விசா எசமானியின் பெயரோடு கட்டுண்டது. வீட்டைவிட்டு வெளியேறினால் சட்டவிரோதி. பெரியம்மாவின் பாஸ்போர்ட் ஆறு வருடமும் மதாமின் அலுமாரியில் இருந்தது. சம்பளம் மாதம் நூறு டொலர்.

அன்று அவர் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லவில்லை. கோப்பி வரும்வரை ஒவ்வொன்றாக விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதாம் வீட்டுக்கு இருபது பேர் சாப்பிட வருவார்கள். முந்தைய இரவு திராட்சை இலையில் சோறு சுற்றவேண்டும், முந்நூறு, நானூறு. வெளியே போக அனுமதி இல்லை. எதிர்மாடியில் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி. இருவரும் பல்கனி கழுவும் நேரத்தை ஒத்துவைத்துக்கொண்டு கதைப்பார்கள். என்ன மொழியில் என்று கேட்டேன். "பாதி அரபி, பாதி சிங்களம்." ஊரில் சண்டை உக்கிரமாக நடந்த வருடங்கள் அவை. அதைப் பற்றிக் கதைத்தீர்களா? "அதுக்கெங்க நேரம்? அவளின்ர மதாம் சாப்பாடு குடுக்கிறேல்லை. நான் ரொட்டி எறிஞ்சனான்."

ஒன்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. 2006 யூலையில் பெரியம்மா லண்டனுக்கு வந்து இரண்டு வருடம். இஸ்ரேல் லெபனான் மீது குண்டு போட்ட அந்த முப்பத்து நான்கு நாட்களும் அவர் தொலைக்காட்சிக்கு முன்னாலிருந்து எழும்பவில்லை. அதே மாத இறுதியில் மாவிலாற்றில் எங்கள் போர் மறுபடி தொடங்கியது. அதைத்தான் பார்க்கிறார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம், பிபிசியில் மாவிலாறு ஒரு நிமிடம்கூட வராது என்பது உறைக்காமல். அப்போது லெபனானில் சுமார் எண்பதாயிரம் இலங்கையர் இருந்ததாகச் செய்திகள் கூறின. எசமான்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளுக்குள்ளும் பெண்கள் இருந்தார்கள்.

எங்களைப் போலவே அவர்களும் என்ற என் வாக்கியம் முழுப் பொய் அல்ல. எட்ஜ்வேர் வீதியில் கடை வைத்தவர்கள் இழந்தது மெய், அவர்களுடைய ஊர் உடைந்ததும் மெய். ஆனால் அந்த வாக்கியத்தில் 'எங்களை' என்பதற்குள் நான் யாரை எல்லாம் சேர்த்திருந்தேன் என்று யோசித்தால், அதில் பட்டதாரிகளும் அரசியல்காரரும் கவிஞர்களும் பெற்றோல் நிலைய அண்ணன்மாரும் இருந்தார்கள். பெரியம்மா இல்லை. எதிர்மாடிக்காரியும் இல்லை. தீன் மஹொமெட்டின் கடையைப் படுக்கவைத்த அந்த வீட்டுச் சமையற்காரர்களைப் பற்றி நான் எழுதிவைத்த வேடிக்கை வரியும் ஞாபகத்துக்கு வந்தது.

கோப்பியில் ஏலக்காய் மணத்தது. பக்கத்து மேசைக்குப் புளித்தண்ணீர் ஒரு கிளாஸ் போனது. அரபியில் அது தமர் ஹிந்தி, இந்தியப் பேரீச்சை. இந்தச் சொல் வரலாற்றைப் பற்றிப் பிள்ளைக்கு ஒரு சின்னப் பிரசங்கம் வைத்திருந்தேன். சொல்லவில்லை. பெரியம்மா கைப்பையிலிருந்து பத்துப் பவுண் தாளை எடுத்து, பில்லோடு சேர்க்காமல் அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். வெளியே வந்ததும் கடையொன்றில் பார்ஸ்லி ஆறு கட்டும் ஒரு பை பேர்குலும் வாங்கச் சொன்னார். பேர்குலில் நைஸ் வேண்டும், மொத்தம் வேண்டாம் என்று கடைக்காரனோடு அரபியில் தர்க்கித்தார்.

அடுத்த நாள் கொலிண்டேலில் சமையல். பார்ஸ்லி இரவே கழுவித் துணியில் பரத்தியிருந்தது, ஈரம் இருந்தால் சரிவராதாம். பிள்ளை தொலைபேசியில் எழுதிக்கொண்டாள்: தக்காளி, புதினா, வெங்காயத் தாள், எலுமிச்சை, ஒலிவ் எண்ணெய், பேர்குல் ஒரு கைப்பிடி, அதற்கு மேல் கூடாது. அண்ணன் கத்தி தீட்டினார். பிறகு பிள்ளை கத்தியை வாங்கி வெட்டத் தொடங்கினாள்.

"அந்த மதாம் உங்களை என்னெண்டு கூப்பிட்டவா, அப்பம்மா?"

"மேரி எண்டு. என்ர பேர் வாயில நுழையேல்லையாம்." பிள்ளை வெட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்துக் கட்டை இறுக்கினார். "இன்னும் நெருக்கிப் பிடி. ஒருக்கா வெட்டினதைத் திரும்ப வெட்டாதை, கறுத்துப்போகும்."